இன்ஜின் படுத்தாச்சு

சேலையூர்
9.11.2025, ஞாயிறு இரவு

விஷ்ணு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதேடி. கெஞ்சிக் கேட்கிறேன். உன் அம்மா காமு ஆன்ட்டியிடம் வேண்டாம், உன் அப்பாவிடம் வேண்டாம், யார் கேட்டாலும் வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஒன்பதாம் வகுப்பில் நாம் சாக்லேட் ஒளித்து வைத்த இடம் உனக்கு மறந்திருக்காது என்று நம்பித்தான், கடைசி பெஞ்சில் நம் பழைய அம்புக்குறியைப் போட்டுவிட்டு, இதை இங்கே வைக்கிறேன். சுந்தரராமன் சார் டியூஷன் அலமாரியில் இருக்கும் அந்த லாகரிதம் புத்தகங்களை இன்னும் எடைக்குப் போடவில்லை. எனக்கு டியூஷன் திங்கள், புதன், வெள்ளி. உனக்குச் செவ்வாய், வியாழன், சனி. பதில் எழுதினால் அதே புத்தகத்துக்குள் வை. போன் வேண்டாம். என் போனை அம்மா வாங்கிப் பூட்டி வைத்துவிட்டாள். உன்னுடையதை ஆன்ட்டி பார்ப்பார்கள்.

ஒரு வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்துவிட்டு இப்போது உதவி கேட்கிறேன். உன் தாத்தா இறந்தபோது நான் வரவில்லை. நீங்கள் வண்டலூருக்கு வீடு மாறிய அன்று லாரி எங்கள் தெருமுனையில் ரொம்ப நேரம் நின்றது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இறங்கி வரவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த இன்ஜின்.

போன வருஷம் உங்கள் கொலுவுக்குப் புத்தகப் பையில் வைத்து எடுத்து வந்தேனே, பித்தளை டீசல் இன்ஜின். "அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்று உன்னிடம் சொன்னது பொய். அது அப்பாவுடையதே இல்லை. அவர் வேலை பார்க்கும் ரயில்வே இன்ஜின் ஷெட்டுக்குச் சொந்தம். மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில், 1971-ல், அங்கிருந்த ஃபிட்டர்கள் பதினொரு பேர், தாங்கள் தினமும் பழுது பார்த்த இன்ஜினை அளந்து, நாற்பதில் ஒரு பங்காகச் செய்தது. ஒவ்வொரு போல்ட்டும் அளவுப்படி இருக்கும் என்று அப்பா சொல்வார். அடியில் பதினொரு பெயரும் பொறித்திருக்கும். அதுபோல இன்னொன்று எங்கேயும் கிடையாது. ஆபீஸுக்கு வெள்ளையடித்தபோது, காணாமல் போய்விடக் கூடாதே என்று, ஸ்டோர்ஸ் கிளார்க்கான அப்பா யாரையும் கேட்காமல் அதைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அப்போதுதான் நான் எடுத்தேன்.

உனக்கே தெரியும், எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. வருஷா வருஷம் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவேன். ஒரே ஒரு தடவை, எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று உங்கள் படியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

டிசம்பரில் ரயில்வேயில் ஏதோ பழைய பொருட்கள் கண்காட்சியாம். அதற்காகப் போன புதன்கிழமை பெரிய அதிகாரி முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே இன்ஜின் இல்லை. என்ன இருந்தது என்று எழுத எனக்கு இப்போது தைரியம் இல்லை. அப்பாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். 28-ம் தேதி விசாரணை. அதற்குள் இன்ஜின் வராவிட்டால் வேலை போகும், போலீஸுக்கும் எழுதுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அது உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ கொடுத்தனுப்பிய சீட்டை அன்றே கிழித்துப்போட்டேன், ஆனால் எழுத்து கண்ணிலேயே நிற்கிறது. யார் உடைத்தது என்று கேட்க மாட்டேன். துண்டுகளாவது இருக்கிறதா? காயலான் கடைக்குப் போட்டீர்களா? எந்தக் கடை? அதை மட்டும் சொல், விஷ்ணு.

துர்கா


தாம்பரம், டியூஷன், கடைசி பெஞ்ச்
11.11.2025

துர்கா,

சார் எல்லோருக்கும் டெஸ்ட் வைத்திருக்கிறார். நான் கணக்கு போடுவதுபோல இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபெயில் ஆனால் நீதான் பொறுப்பு.

முதலில் திட்டிவிடுகிறேன். தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையில் கிடந்தபோது இரண்டு தடவை கேட்டார்: "அந்த ரயில்வேக்காரர் பொண்ணு ஏன் வரதில்லை? சண்டையா?" நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு வருஷம் யோசித்தேன், துர்கா. உன் பிறந்தநாளுக்கு வாங்கிய கிளிப் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. சரி, போதும். திட்டி முடித்தாகிவிட்டது.

இப்போது விஷயம். உடைந்ததா? யாரடி சொன்னது?

நான் எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "உன் இன்ஜின் படுத்தாச்சு, வந்து எடுத்துக்கோ." பக்கத்தில் கண்ணை மூடிய ஒரு முகம் வரைந்தேன். தூங்கும் முகம்! விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்ததும் கொலு பொம்மைகளைப் படுக்க வைப்போம். எல்லாவற்றையும் இல்லை, ஒன்றிரண்டு. கொலு முடிந்தது, தூங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மறுநாள்தான் பழைய வேஷ்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்போம். அன்று அம்மாதான், "ஒரு வாரமா நின்னுண்டே இருக்கு பாவம், அதையும் படுக்க வைடீ" என்றாள். நானே உன் இன்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்து, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். ஒரு கீறல் கிடையாது. முன்விளக்குக் கண்ணாடிகூட உடையவில்லை.

நீ எத்தனையோ நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாய், அந்த ஒரு ராத்திரி மட்டும் இருந்ததில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நீ எடுக்க வரவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டாய். "அவா ஆத்துல நமக்கே கொடுத்துட்டா போலிருக்கு" என்று அம்மா கொலுவுக்குக் கீழே பார்க் வைக்கும் சாமான்களோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். தாத்தா போனதால் இந்த வருஷம் எங்களுக்குக் கொலு இல்லை. அதனால் பெட்டியைத் திறக்கவே இல்லை. மொத்தம் மூன்று பெட்டி. புது ஃபிளாட்டில் பரண் இல்லை என்று பார்க் பெட்டியை மட்டும் கோவிலம்பாக்கத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம்.

உன் இன்ஜின் கோவிலம்பாக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது, பைத்தியமே. அழாதே.

சார் வருகிறார்.

விஷ்ணு


சேலையூர்
12.11.2025, புதன் இரவு

அன்புள்ள விஷ்ணு,

உன் கடிதத்தை டியூஷனிலேயே படித்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சார் பார்த்துவிட்டு, "என்னம்மா துர்கா, இருபடிச் சமன்பாடு அவ்வளவு சோகமாவா இருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா ராத்திரி தாமதமாக வந்தால் அம்மா கேட்பதற்கு முன்னால் அவரே சொல்வார்: "வண்டி செங்கல்பட்டுல படுத்துடுச்சு." படுத்துவிட்டது என்றால் ஓடாது. பழுது. சில வண்டி படுத்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, வெட்டிக் காயலானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பார். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உன் சீட்டைப் பார்த்தபோது கண்ணை மூடிய அந்த முகம் எனக்குச் செத்துப்போன முகமாகத்தான் தெரிந்தது. வந்து எடுத்துக்கோ என்றால், வந்து பொறுக்கிக்கொள் என்று நினைத்தேன். உன் வீட்டில் வந்து பார்க்கப் பயம். உன் முகத்தைப் பார்க்கவும் பயம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், இல்லையா?

அன்று பெட்டிக்குள் என்ன வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

சீட்டு வந்த அன்று ராத்திரி அப்பா, "நாளைக்குப் பெட்டியை எடுத்துட்டுப் போகணும், வெள்ளையடிச்சு முடிச்சுட்டாங்க" என்றார். பெட்டி காலி. தூக்கினால் தெரிந்துவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் தேடினேன். அப்பா தினமும் சாயங்காலம் தானே சுக்குக் காபி போட்டுக் குடிப்பார், அதற்குச் சுக்கும் மிளகும் தட்டும் இடிகல் இருக்கிறதே, அந்தச் சின்னக் கல். அதுதான் ஏறக்குறைய அந்த எடை இருந்தது. ஆடக் கூடாது என்று என் ஏழாம் வகுப்புப் பினாஃபோரில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பா காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய், ரெஜிஸ்டரில் "பொருள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திறக்கவே இல்லை. அவருக்குத் தன் வீட்டில் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாளே அம்மா இடிகல்லைத் தேடினாள். வேலைக்கு வந்துகொண்டிருந்த அங்காளம்மாவிடம் கேட்டாள். முதலில் சாதாரணமாகத்தான் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அங்காளம்மா, "கல்லைத் தூக்கிகினு போய் நான் இன்னாமா பண்ணுவேன்? கோட்டை கட்டுவேனா?" என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் பக்கத்து அறையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா சுக்குப் பொடி பாக்கெட் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நன்றாக இல்லை என்பார், ஆனாலும் குடிப்பார்.

இப்போது அப்பா நாள் முழுவதும் வீட்டில்தான். எதையாவது ரிப்பேர் செய்துகொண்டே இருக்கிறார். குழாய், ஃபேன், ஸ்கூட்டர். நேற்று என் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். முன்பு கீச்சென்று சத்தம் போடும், யாராவது வந்தால் நோட்டை மூடிவிடுவேன். இப்போது சத்தமே இல்லாமல் திறக்கிறது. இதை எழுதும்போதுகூட நூறு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அத்தை வீட்டுக்கு எப்போது போவாய்? நானே வருவேன், ஆனால் பள்ளி விட்டு அரை மணி தாமதமானால் அம்மா தெருவுக்கு வந்துவிடுகிறாள். ஆன்ட்டிக்குத் தெரியாமல் எடுத்துவிடு. எடுத்துப் புத்தகப் பையில் போட்டு இங்கே டியூஷனில் வைத்துவிடு. நான் ஷெட் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவேன். யார் வைத்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் துர்கா


வண்டலூர்
17.11.2025

அன்புள்ள துர்கா,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் பெட்டியில் இல்லை. ஆனால் எங்கே போனது என்று தெரியும். முழுக்கப் படி.

நேற்று நோட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லி அத்தை வீட்டுக்குப் போனேன். பார்க் பெட்டியைத் திறந்தால் மான் இருக்கிறது, வாத்து இருக்கிறது, கிரிக்கெட் டீம் முழுசாக இருக்கிறது. இன்ஜினைச் சுற்றிய தாத்தாவின் வேஷ்டி மட்டும் மடித்துக் கிடக்கிறது. அத்தையிடம் கேட்டேன்.

"ஓ, அந்த ரயிலா? நீங்கதான் இந்த வருஷம் வைக்கக் கூடாதே, எனக்கு அந்தத் தீட்டு இல்லை. சும்மாக் கிடக்கேன்னு நான் எடுத்து வெச்சேன். எல்லாரும் அதைத்தான் பார்த்தா."

"இப்போ எங்கே அத்தை?"

"கொடுத்துட்டேனே."

"யாருக்கு?"

"கிளியம்மாவுக்கு. வெத்தலை பாக்கோட வெச்சுக் கொடுத்துட்டேன்."

கொலுவுக்கு வந்தவர்களுக்கு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள், குங்குமச் சிமிழ் கொடுப்பார்கள். அத்தை உன் ஷெட் இன்ஜினைக் கொடுத்திருக்கிறாள்!

கிளியம்மாள் என்பவர் அத்தை வேலை பார்க்கும் பள்ளியில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு படப்பையில். கொலு பார்க்க வந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு இன்ஜினைக் கையில் எடுத்துத் திருப்பினாராம். எழுத்துக் கூட்டிப் படித்தாராம். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அடியிலிருந்த பெயர்களில் ஆறாவது, மு. காத்தவராயன், அவருடைய அப்பா. தாம்பரத்தில் ஃபிட்டராக இருந்தவராம்.

அத்தை சொல்கிறாள்: "அது நம்மாத்து பொம்மைன்னுதானே நான் நினைச்சேன்? அவ அழறா. அவ அப்பா பேரு அதுல இருக்கு. நான் எப்படிடீ திருப்பிப் படியில வைப்பேன்?"

அத்தை மேல் கோபம்தான் வருகிறது, ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு தோழியுடையது, தவறுதலாக வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்னைப் படப்பைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆறு நாள் பொறுத்துக்கொள். சாப்பிடு. உன் எழுத்து போன கடிதத்தைவிட இதில் சின்னதாகிவிட்டது, கவனித்தாயா?

விஷ்ணு


சேலையூர்
19.11.2025, புதன் இரவு

விஷ்ணு,

இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

நேற்று அப்பாவோடு வேலை பார்க்கும் துரை அங்கிள் வந்தார். உட்கார்ந்ததும், "கோதண்டம், மனசுல வெச்சுக்காதே. யாருக்குக் கொடுத்தேன்னு சொல்லிடு. பழைய சாமான் வாங்கறவன் பெங்களூர்ல இருக்கான், ஃபாரின்ல இருக்கான்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க. சொல்லிட்டா கேஸ் லேசாயிடும்" என்றார். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். "டீ ஆறுது, குடி துரை" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷம் ஒரு ஸ்குரூ வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அதைச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

துரை அங்கிள் போன பிறகு அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "படிக்கிறியா?" என்றார். "ம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன கேட்க வந்தார் என்று தெரியவில்லை. இரவு முழுவதும் அதே நினைவு.

கிளியம்மாளிடம் கெஞ்சு. அவர்கள் அப்பா பெயரைப் போட்டோ எடுத்துப் பெரிதாக ஃப்ரேம் போட்டுத் தருகிறேன் என்று சொல். என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் என் பெயரையும் என் அப்பா பெயரையும் சொல்லாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. அடிப்பார் என்ற பயம் இல்லை. அவர் அடித்ததே இல்லை. பெட்டியைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாரே, அப்படி இனிமேல் என்னை நம்ப மாட்டார். அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே. மழை வந்தாலும் போ.

துர்கா


வண்டலூர்
24.11.2025

அன்புள்ள துர்கா,

மழையில்தான் போனோம். படப்பை மார்க்கெட்டில் இறங்கிச் சேற்றில் நடந்தோம். என் ஒரு செருப்பு அங்கேயே இருக்கிறது.

இன்ஜினைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. டிவிக்கு மேலே பலகை அடித்து, கீழே வெல்வெட் துணி விரித்து வைத்திருக்கிறார்கள். கிளியம்மாள் அதைத் தினமும் துடைக்கிறார்களாம். உங்கள் கட்டிலுக்கடியில்கூட அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது.

நான் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் இடையிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா பாப்பா, பாதி முழுங்கிகினு பேசற? இது கவர்மென்ட் சாமானா இல்லியா?"

"ஆமாம்."

"அப்ப ஆரோ ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லிகினு இருப்பாரே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள், துர்கா. உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மற்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு பெண், அவள் அப்பா, 28-ம் தேதி. இடிகல்லைச் சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளியம்மாள் எழுந்து அந்தப் பலகைப் பக்கம் போனார்கள். பிறகு இன்ஜினைக் கீழே இறக்கித் திருப்பி எனக்குக் காட்டினார்கள்.

"எங்கப்பா பேரு எங்கியும் சரியா எழுதினது இல்ல. ரேஷன் கார்டுல கூட காத்தமுத்துன்னு கீது. இதுல ஒண்ணுலதான் ஒயுங்கா கீது. அவரே வெட்டினது போல. எனக்கு இத்தக் குடுக்க மனசு வருமா, நீயே சொல்லு?"

முந்தானையால் அந்தப் பெயரைத் துடைத்துவிட்டு மேலே சொன்னார்கள்.

"ஆனா ஒரு ஆளோட சோத்துல மண்ணப் போட்டு இத்த வெச்சிக்க மாட்டேன். எங்கப்பாவும் அந்த ஷெட்டுல சம்பாரிச்சுத்தான் என்னிய வளர்த்தாரு. குடுக்கறேன். உன் கையில இல்ல, உங்க அத்தை கையில இல்ல. எடுத்துச்சே அந்தப் பொண்ணு, அது அவங்க அப்பனைக் கூட்டிகினு இங்க வரணும். அவரு இந்தப் பேரை என் எதிர்ல ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சுட்டு எடுத்துகினு போட்டும். அப்பனுக்குத் தெரியாம திருடிகினு போற மாதிரி எடுத்துகினு போறதுன்னா, அது இங்கியே கிடக்கட்டும்."

எவ்வளவோ கெஞ்சினேன். அத்தையும் கெஞ்சினாள். "பயமாதான் இருக்கும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு வடை கொடுத்தார்கள்.

துர்கா, வேறு வழி இல்லை. அப்பாவிடம் சொல். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் நான் என் அம்மாவிடம் சொல்லிவிட்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வருஷமாக அது பழகிவிட்டதுதானே.

ஆனால் நீயே சொல்லிவிடு.

விஷ்ணு


சேலையூர்
26.11.2025, புதன் இரவு

அன்புள்ள விஷ்ணு,

உன் கடிதத்தை டியூஷனில் படித்துவிட்டு, வரும் வழியெல்லாம் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே வந்தேன். கேம்ப் ரோடு சிக்னல் வரை உன்மேல், அதற்கப்புறம் கிளியம்மாள்மேல். வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. இன்று அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது.

சமையலறை மேடையில் இடிகல் இருந்தது.

எங்களுடையதேதான். ஓரத்தில் சின்ன உடைசல், அம்மா ஒருமுறை கீழே போட்டது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க இருந்துச்சு இது?"

"ஷெட்டுல. பெட்டிக்குள்ள. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"கல்லை எதுக்குங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"கனத்துக்கு" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். இன்ஜின் தன் கையில்தான் தொலைந்தது, கல்லை வைத்ததும் தானே, வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். எழுதி வாங்கிக்கொண்டு கல்லைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை விசாரணை பெயருக்குத்தான், முடிவு தெரிந்ததுதான் என்றார். அம்மா இடிகல்லைக் கையில் எடுத்தாள். முதலில் அழவில்லை. "ஐயோ, அங்காளம்மாவை நான் என்னென்ன கேட்டேன்" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

நான் என் அறைக்கு வந்தேன். மேசைமேல் என் ஏழாம் வகுப்புப் பினாஃபோர் இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து.

புரிகிறதா விஷ்ணு? இடுப்புப் பட்டையில் உள்பக்கம் அம்மா சிவப்பு நூலில் என் பெயரைத் தைத்திருப்பாள். பெட்டியைத் திறந்த அன்றே, அத்தனை அதிகாரிகளுக்கு நடுவில், அவர் அதைப் பார்த்திருக்கிறார், யாரும் கவனிக்கும் முன்னால் சுருட்டி எடுத்து மறைத்தும் வைத்திருக்கிறார். 5-ம் தேதியிலிருந்து அவருக்குத் தெரியும். துரை அங்கிள் கேட்டபோது தெரியும். என் அறை வாசலில் வந்து நின்றபோது தெரியும். இருபத்தொரு நாள் நான் சொல்வேன் என்று காத்திருக்கிறார். சொல்லவில்லை என்றதும் போய்த் தானே செய்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். என் பெயர் அந்தக் காகிதத்தில் வந்துவிடக் கூடாது என்று.

அவர் என்னை நம்ப மாட்டார் என்றுதான் நான் பயந்தேன்.

இப்போது மணி பத்தே முக்கால். அம்மா தூங்கிவிட்டாள். நான் சொல்லப்போகிறேன். இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்லப்போகிறேன். நாளைக்கு வியாழன், ஒரு நாள் இருக்கிறது. படப்பைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாது, ஸ்கூட்டரிலேயே போய்விடலாம். மு. காத்தவராயன். எழுத்துப் பிழை இல்லாமல் படிப்பார் அப்பா. பதினொரு பெயரையும் படிப்பார். அவருக்கு மனப்பாடமாகவே தெரியும். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை நானும் கூடப் போய் அந்த அதிகாரியிடம் சொல்வேன். அங்காளம்மா வீட்டுக்கும் போக வேண்டும். அதற்கு அம்மாவோடு போகிறேன்.

மூன்று தடவை எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் கடிதத்தில் யாரிடமும் காட்டாதே என்று கெஞ்சினேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஆன்ட்டியிடம் காட்டு, அத்தையிடம் காட்டு. அந்தக் கிளிப்பை எடுத்து வை. வருகிற கொலுவுக்கு நான் விஜயதசமி ராத்திரி வரை இருப்பேன். எதையெதை எப்படிப் படுக்க வைப்பது என்று எனக்கு நீ

ஒரு நிமிஷம். சமையலறையில் சத்தம். டொக், டொக் என்று. இடிகல். சுக்கு தட்டுகிறார். ஒரு வருஷமாக இந்தச் சத்தம் இந்த வீட்டில் இல்லை. ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் தட்ட வேண்டாம்.

நின்றுவிட்டது. தம்ளர் இரண்டு எடுக்கிற சத்தம். இந்தப் பக்கம்தான் வருகிறார். விஷ்ணு, இந்தக் கதவு இப்போது சத்தமே இல்லாமல் திறக்கும், அவர்தான் எண்ணெய் விட்டார், தள்ளினாலே போதும். ஆனாலும் வெளியே நின்று தட்டுகிறார். நான்